பேக்கேஜை நிறுவும் முன்: மென்பொருள் விநியோகச் சங்கிலித் தாக்குதல்கள் பற்றிப் புதிய நிரலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரலெழுதக் கற்றுக்கொள்ளும் எவரும் தொடக்க நாட்களிலேயே பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிப் பகிர்ந்த ஆயத்த நிரல் தொகுப்புகளை, நிறுவ டெர்மினலில் 'என்பிஎம் இன்ஸ்டால்' (ஜாவாஸ்கிரிப்ட்) அல்லது 'பிப் இன்ஸ்டால்' (பைதான்) என்ற கட்டளையைத் தட்டிப் பழகிவிடுகிறார். அந்த ஒற்றை வரி முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலைத் தரவிறக்குவதோடு நின்றுவிடுவதில்லை. பல வேளைகளில் அதை அங்கேயே, உங்கள் பயனர் கணக்குக்கு இருக்கும் அத்தனை உரிமையோடும் இயக்கியும் விடுகிறது. நீங்கள் திறந்து படிக்கக்கூடிய எந்தக் கோப்பையும் அந்த நிரல் படிக்கலாம், படித்ததை இணையத்தில் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆகவே, நிறுவுவது என்றாலே இயக்குவதுதான் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

உங்கள் நிரலில் ஓட்டை தேடி மெனக்கெடாமல், உங்கள் நிரல் நம்பியிருக்கும் பேக்கேஜுக்குள்ளோ, அதை உருவாக்கும் கருவிக்குள்ளோ, அதை வெளியிடுபவரின் கணக்குக்குள்ளோ புகுந்து, அங்கிருந்து உங்களிடம் வந்து சேர்வதையே மென்பொருள் விநியோகச் சங்கிலித் தாக்குதல் என்கிறோம். 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் சிக்கல் இந்த வகை அல்ல; அது யாரும் வேண்டுமென்று வைக்காத ஒரு பிழை. இங்கே நாம் பேசுவது, வேண்டுமென்றே வைக்கப்படும் தீநிரலைப் பற்றி. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

அவர்கள் வரும் வழிகள்

மிக எளிய வழி, பெயரைப் போலச் செய்வது. 2017 ஆகஸ்டில் என்பிஎம் களஞ்சியத்தில் 'கிராஸ்என்வ்' என்ற பேக்கேஜ் பிடிபட்டது. பலரும் பயன்படுத்தும் உண்மையான பேக்கேஜின் பெயரில் இரு சொற்களுக்கும் நடுவே ஒரு சிறுகோடு உண்டு; போலியில் அது இல்லை. சிறுகோட்டை விட்டுவிட்டுத் தட்டியவர்களின் கணினியிலிருந்த சூழல் மாறிகளை, அதாவது பலர் கடவுச்சொற்களையும் சாவிகளையும் வைத்திருக்கும் இடத்தை, அது வெளியே அனுப்பியது. 2019 டிசம்பரில் பைதான் களஞ்சியமான பைபிஐயில் 'ஜெல்லிஃபிஷ்' என்ற பேக்கேஜின் போலி ஒன்று அகப்பட்டது. ஆங்கிலச் சிற்றெழுத்து 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பேரெழுத்து 'ஐ' இருந்தது. பல எழுத்துருக்களில் இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது வழி, நேர்மையான பராமரிப்பாளரின் கணக்கைக் கைப்பற்றுவது. 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் முதலிய 18 என்பிஎம் பேக்கேஜ்களில் தீநிரல் நுழைந்தது. இவை எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு இருநூறு கோடிக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்படுபவை. நடந்தது இதுதான்: 'என்பிஎம்ஜேஎஸ் டாட் ஹெல்ப்' என்ற முகவரியிலிருந்து, இரண்டடுக்கு உறுதிப்படுத்தலைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பல ஆண்டு அனுபவமுள்ள பராமரிப்பாளரே அதை நம்பி, போலிப் பக்கத்தில் தம் விவரங்களை உள்ளிட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் சிக்கல் கண்டறியப்பட்டு, பேக்கேஜ்கள் நீக்கப்படத் தொடங்கின. இந்த இரண்டு மணி நேரக் கணக்கு மிக முக்கியமானது. நான்காம் படியில் இது திரும்ப வரும்.

மூன்றாவது வழிதான் என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது: நம்பிக்கையைப் பொறுமையாகச் சம்பாதிப்பது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜின் ஆசிரியர் அதைத் தாமே பயன்படுத்துவதைக்கூட விட்டிருந்தார். உதவ முன்வந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர் வேறொரு சிறிய பேக்கேஜை அதனோடு இணைத்து, அதன் வழியாகக் கோபே என்ற பிட்காயின் பணப்பையைக் குறிவைத்தார். இதைவிடப் பன்மடங்கு ஆழமானது 2024இன் எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ் விவகாரம். லினக்ஸ் கணினிகளில் எங்கும் காணப்படும் இந்தச் சுருக்கக் கருவியை ஒரே ஒருவர் தன்னார்வமாகப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி வந்தார். வேறு பெயர்களில் சிலர், பணி மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பராமரிப்பாளரை நெருக்கினர். இறுதியில் ஜியா டானுக்கு வெளியீட்டு உரிமையே கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும், அடுத்து வந்த 5.6.1 பதிப்பிலும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினியில் உள்நுழையும் முறை) வழியாகக் கணினிக்குள் நுழைய உதவும் பின்கதவு ஒன்று இருந்தது. அதன் உடல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகளோ கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டப்பட்ட சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தன. மூலநிரலைக் களஞ்சியத்தில் படித்தவர்கள் கண்ணில் அது படாமல் போனதற்கு இதுவே காரணம். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிச் சென்று, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

கட்டமைப்புக் கணினியையே, அதாவது மூலநிரலை வெளியிடத்தக்க மென்பொருளாகக் கட்டும் கணினியையே, பிடிப்பது நான்காவது வழி. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிகழ்வில், அந்நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடேயே தீநிரல் வெளிவந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அந்த மேம்படுத்தலைப் பெற்றனர்.

ஏன் நிரலாளரைத் தேடி வருகிறார்கள்

நான் மாணவன்தானே, என் மடிக்கணினியில் திருட என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். கிட்ஹப் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செயல்படும் ரகசியக் குறி), கிளவுடு சாவி, எஸ்எஸ்ஹெச் சாவி, என்பிஎம்மில் வெளியிடும் உரிமை என்று ஒரு நிரலாளரின் கணினியில் இருப்பவை எல்லாம் அடுத்த வீட்டுக் கதவுகளைத் திறக்கும் திறவுகோல்கள். 2025 செப்டம்பரில் பரவிய ஷாய்-ஹுலூத் என்ற புழு இதைத் தெளிவாகக் காட்டியது. அது நுழைந்த கணினியில் டோக்கன்களைத் தேடியது. கிடைத்ததை அந்த நிரலாளரின் பெயரிலேயே ஒரு பொதுக் கிட்ஹப் களஞ்சியம் உருவாக்கி அதில் கொட்டியது. பிறகு அவருடைய என்பிஎம் உரிமையைக் கொண்டு, அவர் பராமரிக்கும் மற்றப் பேக்கேஜ்களிலும் தன்னை நுழைத்து வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர் தம்மை அறியாமலே அடுத்தவருக்குத் தாக்குதலைக் கடத்தினார். இப்படி நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் பாதிக்கப்பட்டன.

முதல் படி: உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

உங்கள் திட்டத்தில் நீங்கள் பத்துப் பேக்கேஜ்களைச் சேர்த்திருக்கலாம். அவை ஒவ்வொன்றும் வேறு பலவற்றைச் சார்ந்திருக்கும். 'என்பிஎம் எல்எஸ்' கட்டளையை 'ஆல்' தெரிவோடு இயக்கினால் முழு மரமும் விரியும். பைதானில் 'பிப்டெப்ட்ரீ' என்ற கருவி இதே வேலையைச் செய்யும். ஒரு பேக்கேஜ் ஏன் வந்தது என்று தெரியாவிட்டால் 'என்பிஎம் எக்ஸ்பிளெயின்' என்ற கட்டளையோடு அதன் பெயரைத் தந்து கேளுங்கள்.

பார்த்த பிறகு, பயன்படாதவற்றை நீக்குங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டபோது உலகெங்கும் எத்தனையோ திட்டங்களின் கட்டமைப்பு நின்றுபோனது. அதில் இருந்தது வெறும் 11 வரி நிரல். அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிச் சோதித்துவிடக்கூடிய ஒன்றுக்காக அந்நியர் ஒருவருக்கு உங்கள் கணினியில் நிரந்தர இடம் கொடுக்காதீர்கள். குறியாக்கம், தேதிக் கணக்கு, கடவுச்சொல் கையாளுதல் போன்றவை இதற்கு விதிவிலக்கு. அவற்றில் சொந்த முயற்சி பெரிய ஆபத்து, நன்கு தேர்ந்த நூலகமே சரி.

இரண்டாம் படி: புதிதாகச் சேர்க்கும் முன் நிதானியுங்கள்

பேக்கேஜின் பெயரை நினைவிலிருந்து தட்டாமல், அந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து நகலெடுங்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் பரிந்துரைத்த பெயராக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இல்லாத பேக்கேஜ் பெயர்களை அவை சில நேரங்களில் நம்பும்படியாகப் புனைந்து தருகின்றன. அப்படித் திரும்பத் திரும்பப் புனையப்படும் பெயரைத் தாக்குபவர் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்துவிட்டால் பொறி தயார். களஞ்சியப் பக்கத்தைத் திறந்து, பேக்கேஜ் எப்போது முதலில் வெளியானது, எத்தனை பதிப்புகள் வந்துள்ளன, மூலநிரலுக்கான இணைப்பு உண்மையிலேயே அந்தத் திட்டத்துக்குத்தான் செல்கிறதா என்று பாருங்கள்.

தரவிறக்க எண்ணிக்கையும் கிட்ஹப் நட்சத்திரங்களும் ஒரு பேக்கேஜ் பிரபலமானது என்று சொல்லும். இன்று காலை வந்த பதிப்பு பாதுகாப்பானது என்று சொல்லாது. சாக் பேக்கேஜுக்கு இவை எல்லாமே இருந்தன.

மூன்றாம் படி: லாக் கோப்பை மதியுங்கள்

என்பிஎம் திட்டத்தின் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ஒரு பதிப்பு எண்ணுக்கு முன் கூரைக்குறி (^) இருந்தால், அந்தப் பதிப்போ, அதே முதன்மை எண்ணைக் கொண்ட அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்போ வரலாம் என்று பொருள். சாக் பேக்கேஜின் 5.6.0 நல்ல பதிப்பு, 5.6.1 நஞ்சு. கூரைக்குறியோடு 5.6.0 என்று எழுதி வைத்து, லாக் கோப்பு இல்லாமல் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நிறுவியவருக்கு எந்த அறிவிப்பும் இன்றி 5.6.1 வந்து சேர்ந்திருக்கும்.

லாக் கோப்பு இதைத் தடுக்கிறது. மரத்தில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜுக்கும் துல்லியமான பதிப்பு எண்ணும், உள்ளடக்கத்தின் ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறி) அதில் பதிவாகின்றன. ஆகவே அந்தக் கோப்பைக் கட்டாயம் கிட்டில் சேருங்கள். திட்டத்தை வேறொரு கணினியிலோ கட்டமைப்புச் சேவையிலோ நிறுவும்போது 'என்பிஎம் இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'என்பிஎம் சிஐ' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது லாக் கோப்பில் உள்ளதை மட்டுமே அப்படியே நிறுவும், லாக் கோப்பும் பேக்கேஜ் ஜேசன் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். பைதானில் பிப் பயன்படுத்துவோர் தேவைப் பட்டியலில் ஹாஷ் மதிப்புகளையும் எழுதி, 'ரிக்வயர்-ஹாஷஸ்' தெரிவோடு நிறுவலாம். யூவி, பொயட்ரி ஆகிய கருவிகள் லாக் கோப்பைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன.

ஆனால் இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். நஞ்சுள்ள பதிப்பு ஒருமுறை லாக் கோப்பில் ஏறிவிட்டால், அதே நஞ்சை அது உண்மையோடு திரும்பத் திரும்ப நிறுவும். எப்போது புதுப்பிக்கிறீர்கள் என்பதே அடுத்த கேள்வி.

நான்காம் படி: புதிய பதிப்புக்குச் சில நாள் காத்திருங்கள்

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்றிக்கொள்ள முடியும் என்று ஒருவர் சொன்னால், இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கணக்கைக் கைப்பற்றி நடத்தப்படும் தாக்குதல்களில் பெரும்பாலானவை மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வெளிப்பட்டுவிடுகின்றன, ஏனெனில் புதிய வெளியீடுகளைத் தொடர்ந்து ஆராயும் பாதுகாப்பு நிறுவனங்கள் பல உள்ளன. வெளியாகி ஒரு வாரம் ஆகாத எதையும் நிறுவுவதில்லை என்று வைத்துக்கொண்டவரை 2025 செப்டம்பரின் சாக் தாக்குதல் தொட்டிருக்காது.

இதை மனஉறுதிக்கு விடாமல் கருவியிடம் ஒப்படையுங்கள். என்பிஎம்முக்கு மாற்றுக் கருவியான பிஎன்பிஎம்மின் 10.16 பதிப்பிலிருந்து 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' என்ற அமைப்பு இருக்கிறது. மதிப்பை நிமிடக் கணக்கில் தர வேண்டும், ஏழு நாளுக்கு 10080. யூவியில் குறிப்பிட்ட நாளுக்குப் பின் வந்தவற்றை ஒதுக்கும் 'எக்ஸ்க்ளூட்-நியூவர்' தெரிவு உண்டு. பேக்கேஜ்களைத் தானாகப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கும் கருவிகளில், டிபெண்டாபாட்டில் 'கூல்டவுன்' அமைப்பும், ரெனோவேட்டில் பிஎன்பிஎம்மில் உள்ளதைப் போன்ற ஓர் அமைப்பும் உள்ளன.

இங்கேதான் லாக்4ஜே போன்ற பிழைகள் வேறு மருந்தைக் கேட்கின்றன. ஏற்கெனவே பயன்படுத்தும் ஒன்றில் ஆபத்தான ஓட்டை அறிவிக்கப்பட்டு, திருத்தப்பட்ட பதிப்பு வந்திருந்தால், காத்திருப்பதே ஆபத்து. அறிவிப்பைப் படித்து, அந்த ஒரு பேக்கேஜை மட்டும் உடனே உயர்த்துங்கள். டிபெண்டாபாட்டும் பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் கூல்டவுனைப் பொருத்துவதில்லை. மறுபுறம், எக்ஸ்ஸெட் பின்கதவு ஒரு மாதத்துக்கும் மேல் மறைந்திருந்தது; ஒரு வாரக் காத்திருப்பு அதைத் தடுத்திருக்காது. டெபியனின் நிலைத்த வெளியீட்டைப் பயன்படுத்தியவர்கள் தப்பியதற்குக் காரணம், அதில் பழைய பதிப்பே இருந்தது. சர்வர்களுக்கு நிலைத்த வெளியீடுகளைத் தேர்ந்தெடுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளை நிறுத்துங்கள்

என்பிஎம் பேக்கேஜ்கள் நிறுவலுக்கு முன்னும் பின்னும் தம் ஸ்கிரிப்டுகளை இயக்கிக்கொள்ளும் வசதி உண்டு. 2025 ஆகஸ்டில் என்எக்ஸ் என்ற கட்டமைப்புக் கருவியின் பேக்கேஜ்களில் வந்த தீநிரலும் ஷாய்-ஹுலூத் புழுவும் இந்த வழியாகத்தான் ஓடின. என்பிஎம் அமைப்புகளில் 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று வையுங்கள். பிஎன்பிஎம் 10ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இவற்றை இயக்குவதில்லை. நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தவை மட்டுமே ஓடும். சில பேக்கேஜ்கள் ஸ்கிரிப்ட் இல்லாமல் வேலை செய்யாது. அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அனுமதியுங்கள். பைதானில் மூலத்திலிருந்து கட்டப்படும் பேக்கேஜ்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பிப்பின் 'ஒன்லி-பைனரி' தெரிவு அதைக் குறைக்கும். எனினும் சாக் தாக்குதலின் நிரல் நிறுவும்போது ஓடவில்லை, பயனரின் உலாவியில் ஓடியது. எனவே இந்தப் படி நான்காம் படிக்கு மாற்றாகாது.

ஆறாம் படி: திருடுவதற்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள்

எல்லாத் தடுப்பையும் மீறி ஒருநாள் தீநிரல் உள்ளே வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, அன்று அதன் கையில் என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். முகப்புக் கோப்புறையில் உள்ள என்பிஎம்ஆர்சி கோப்பு, ஏடபிள்யூஎஸ் சாவிக் கோப்பு, திட்டங்களில் கிடக்கும், சூழல் மாறிகளை வைத்திருக்கும் என்வ் கோப்புகள் ஆகியவற்றை இன்றே திறந்து பாருங்கள். பயன்படாத டோக்கன்களை நீக்குங்கள். தேவையானவற்றுக்குக் குறுகிய காலக்கெடுவும் மிகக் குறைந்த உரிமையும் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் சாவிக்குக் கடவுச்சொற்றொடர் வையுங்கள். அறிமுகமில்லாத திட்டத்தை, அது வேலை நேர்காணலுக்கென்று அனுப்பப்பட்ட பயிற்சித் திட்டமாக இருந்தாலும், உங்கள் முதன்மைக் கணினியில் நேரடியாக இயக்காமல் டாக்கர் கொள்கலனிலோ மெய்நிகர்க் கணினியிலோ இயக்குங்கள். முகப்புக் கோப்புறையை அதனோடு இணைக்காதீர்கள்.

கிட்ஹப், என்பிஎம், பைபிஐ, மின்னஞ்சல் கணக்குகளுக்குப் பாஸ்கீ அல்லது வன்பொருள் சாவி வையுங்கள். செயலியில் தோன்றும் ஆறிலக்க எண்ணைப் போலிப் பக்கத்திலும் தட்டிவிட முடியும். பாஸ்கீயோ அது பதிவான இணைய முகவரியில் மட்டுமே வேலை செய்யும். கடவுச்சொல் மேலாளர் ஒரு பக்கத்தில் தானாக நிரப்ப மறுத்தால், கையால் தட்டுவதற்கு முன் முகவரிப் பட்டையைப் பாருங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டித் திறப்பது அதைவிட நல்லது.

ஏழாம் படி: கட்டமைப்புச் சேவையும் ஒரு கணினிதான்

2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' என்ற குழுவின் கிட்ஹப் ஆக்‌ஷன் ஒன்று, அதாவது கிட்ஹப்பின் கட்டமைப்புச் சேவையில் ஓடும் ஆயத்த நிரல் ஒன்று, கைப்பற்றப்பட்டது. 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அதைப் பயன்படுத்தின. தாக்குபவர் பழைய பதிப்புக் குறிச்சொற்களையே நஞ்சுள்ள நிரலை நோக்கித் திருப்பிவிட்டார். அது ரகசியங்களைக் கட்டமைப்புப் பதிவேட்டில் அச்சிட்டது. பொதுக் களஞ்சியங்களின் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

குறிச்சொல்லை நகர்த்த முடியும். கமிட்டின் (கிட்டில் பதிவான ஒரு மாற்றத்தின்) முழு ஹாஷை நகர்த்த முடியாது. ஆகவே பிறர் எழுதிய ஆக்‌ஷன்களை 40 எழுத்து கமிட் ஹாஷால் குறிப்பிட்டு, பக்கத்தில் கருத்துரையாகப் பதிப்பு எண்ணை எழுதுங்கள். பணிப்பாய்வின் இயல்பு உரிமையைப் படிப்பதற்கு மட்டும் என்று வையுங்கள். பேக்கேஜ் வெளியிடுபவராக இருந்தால், நீண்டகால டோக்கனைச் சேமித்து வைக்காமல், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் குறுகிய கால டோக்கனைக் கட்டமைப்புச் சேவையே பெற்றுக்கொள்ளும் 'டிரஸ்டட் பப்ளிஷிங்' முறைக்கு மாறுங்கள். பைபிஐ 2023இலும் என்பிஎம் 2025இலும் இதைக் கொண்டுவந்தன.

'என்பிஎம் ஆடிட்', 'பிப்-ஆடிட்' ஆகியவற்றையும் கட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கண்டறியப்பட்டுப் பட்டியலில் ஏறியவற்றையே அவை காட்டும். அவை பச்சை காட்டினால், பட்டியலில் உள்ள எதுவும் உங்களிடம் இல்லை என்று மட்டுமே பொருள்.

எட்டாம் படி: மாட்டிக்கொண்டால்

நஞ்சுள்ள பதிப்பு உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருப்பது தெரிந்தால், நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை அழித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். திருட்டு நடந்திருந்தால் அது நிறுவிய நொடியிலேயே நடந்து முடிந்திருக்கும். முதலில் கணினியை அணைத்து, இணையத்திலிருந்தும் துண்டியுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: 2025 நவம்பரில் வந்த ஷாய்-ஹுலூத்தின் இரண்டாம் அலையில், கிட்ஹப்பும் என்பிஎம்மும் கைவிட்டுப்போனால் பயனரின் கோப்புகளை அழிக்கும் பகுதி இருந்தது. ஆகவே டோக்கன்களை ரத்துசெய்யத் தொடங்கும்போது அந்தக் கணினியில் எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. 

பிறகு, பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து எல்லா டோக்கன்களையும் சாவிகளையும் செல்லாதவையாக்குங்கள். கிளவுடு சாவிகளில் தொடங்கி, கிட்ஹப், பேக்கேஜ் களஞ்சியங்கள், எஸ்எஸ்ஹெச் என்று செல்லுங்கள். உங்கள் கிட்ஹப் கணக்கில் நீங்கள் உருவாக்காத களஞ்சியமோ பணிப்பாய்வோ உள்ளதா, உங்கள் பெயரில் நீங்கள் வெளியிடாத பதிப்பு ஏதும் உள்ளதா என்று தேடுங்கள். கணினியை முழுவதுமாக அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள்.

பணியிடத்தில் நடந்திருந்தால், தயக்கமின்றி உடனே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் என்ற அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, அதில் பட்டியலிடப்பட்ட வகைச் சைபர் நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கெடுவிலிருந்து கழிகிறது. எந்த நேரத்தில் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது, அக்கணினியில் எந்தெந்தச் சாவிகள் இருந்தன, எது எப்போது செல்லாததாக்கப்பட்டது என்பதைத் தொடக்கத்திலிருந்தே நேரம் குறித்து எழுதி வாருங்கள். விசாரிக்க வரும் குழு உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.